ஒரு முழம் வெள்ளைத் துணி: கிழக்கின் போராட்டங்களில் வடிவமைப்பு யார் கையில் இருக்கிறது?

2020 டிசம்பரில் கொழும்பு பொரளை மயான வாசலில் சிலர் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். பிறந்து 20 நாட்களேயான ஒரு முஸ்லிம் குழந்தை, கொவிட்டால் இறந்த எல்லோரையும் எரிக்கவேண்டும் என்ற அரசின் விதிப்படி, பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக அங்கே தகனம் செய்யப்பட்டிருந்தது. கட்டிய துணிகள் இரவோடிரவாக அகற்றப்பட்டன. அகற்றப்பட்ட பிறகுதான் அவை நாடு முழுக்கப் பரவின. வீட்டுப் படலையில், கைமணிக்கட்டில், முகநூல் படங்களில் என்று எங்கும் வெள்ளைத் துணி தெரிந்தது.

ஒரு வடிவமைப்பாளரின் கண்ணால் இதைப் பாருங்கள். எழுத்து இல்லை, அச்சகம் இல்லை, வண்ணம் இல்லை, கணினி இல்லை. ஆனாலும் செய்தி முழுமையாகப் போய்ச் சேர்ந்தது. முஸ்லிம்களுக்கு அது கபன் துணி, இறந்தவரைச் சுற்றி அடக்கும் துணி. இந்த நாட்டில் மரண வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வெள்ளைக் கொடி கட்டுவது எல்லாச் சமூகத்துக்கும் பழக்கம் என்பதால், தமிழரும் சிங்களவரும்கூட அதைப் பார்த்ததும் புரிந்துகொண்டார்கள். வீட்டில் ஒரு பழைய துணி இருந்தால் எவரும் அந்தப் போராட்டத்தில் சேரலாம். அதை அகற்றுபவரால் நூறு துணிகளை அகற்ற முடியும், அடுத்த நூறு கட்டப்படுவதைத் தடுக்க முடியாது.

துணியால் மட்டும் அரசின் முடிவு மாறியது என்று நான் சொல்லவில்லை. கட்டாயத் தகனத்துக்கு எதிரான மனுக்களை உயர் நீதிமன்றம் 2020 டிசம்பர் முதலாம் திகதி தள்ளுபடி செய்துவிட்டது. பிறகு வெளிநாட்டு அழுத்தமும் வீதிப் போராட்டங்களும் சேர்ந்தே 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி வாங்கித் தந்தன. மார்ச் 5ஆம் திகதி முதல் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் உடல்கள் அடக்கப்பட்டன. நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட 3,600க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருக்கிறார்கள். இவ்வளவு பெரிய அநீதியை எதிர்க்க மிக வலுவாக நின்ற குறியீட்டை எந்த நிறுவனமும் காசு கொடுத்துச் செய்விக்கவில்லை. இலங்கையின் கிழக்கு மாகாணத்தில் சமூகப் போராட்டத்துக்கும் வரைகலைக்கும் உள்ள உறவைப் பேச இதுவே நல்ல தொடக்கம் என்று நினைக்கிறேன். வடிவமைப்பின் அழகைவிட, அது யார் கையில் இருக்கிறது என்பதே இங்கே முதற்கேள்வி.

அனுமதி வருவதற்கு முன்பே, 2021 பெப்ரவரி 3ஆம் திகதி, கொட்டும் மழையில் பொத்துவில் முதல் பொலிகண்டி வரையான பேரணி தொடங்கியது. காணி அபகரிப்பு, காணாமல் ஆக்கப்பட்டோர், பயங்கரவாதத் தடைச் சட்டம், மலையகத் தோட்டத் தொழிலாளரின் 1,000 ரூபாய் நாட்சம்பளம், அவற்றோடு கட்டாயத் தகனம் என்று பல கோரிக்கைகள். அம்பாறையின் தென்பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்தின் வடகரை வரைக்கும் ஐந்து நாட்கள். அந்தப் பெயரே ஒரு வரைபடம். இரண்டு ஊர்களைச் சொன்னதும் கேட்பவர் மனதில் கரையோரமாக ஒரு கோடு ஓடிவிடுகிறது. சமூக ஊடகங்களில் ‘பி2பி’ என்று சுருங்கியபோதும் அந்தக் கோடு அழியவில்லை. முஸ்லிம்களும் தமிழர்களும் ஒரே பேரணியில் நடப்பது கிழக்கில் சாதாரணமாக நடக்கும் காரியமல்ல. இரு தரப்பின் துயரத்துக்கும் இடம் கொடுத்த கோரிக்கைகளும் ஒருவருக்கு மட்டும் சொந்தமாகாத ஒரு பெயரும் அதற்கு உதவின.

சரி, இனி இன்னும் கடினமான ஒரு வடிவத்துக்கு வருவோம். மட்டக்களப்பு காந்தி பூங்காவிலோ திருக்கோவிலிலோ காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கூடும்போது, அம்மாக்களின் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு புகைப்படம்தான். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி, லெமினேற் செய்திருப்பார்கள். அல்லது ஒரு கல்யாண வீட்டுப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருப்பார்கள். பின்னணி மங்கலாக இருக்கும். பெயர், ஊர், கொண்டுபோகப்பட்ட திகதி, பிறகு ‘எங்கே?’ என்ற கேள்வி.

நம் ஊர்ச் சந்திகளில் எப்போதும் தொங்கும் கண்ணீர் அஞ்சலிப் பனர்களோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இதன் கனம் புரியும். கண்ணீர் அஞ்சலிக்கு ஒரு நிலையான இலக்கணம் இருக்கிறது. படத்தைச் சுற்றி மாலை, ஒரு பக்கம் குத்துவிளக்கு, இடப்பக்கம் பிறந்த திகதி, வலப்பக்கம் இறந்த திகதி, கீழே குடும்பத்தார் பெயர்கள். அச்சகத்தில் இந்த அச்சு ஏற்கனவே கணினியில் இருக்கும், படத்தையும் பெயரையும் மாற்றினால் போதும். காணாமல் ஆக்கப்பட்டவரின் தாய் இதில் எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. மாலை போட்டால் மகன் இறந்துவிட்டான் என்று அவரே கையொப்பமிட்டதுபோல் ஆகிவிடும். வலப்பக்கத் திகதிக்கு இடமே இல்லை. 2016இல் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் கொடுக்க அரசு முன்வந்தபோதும், பல தாய்மார் அதையும் ஏற்கவில்லை. அந்த மறுப்பு சட்டத்தின் மொழியில் எப்படி இருக்கிறதோ, அப்படியே பதாதையின் அமைப்பிலும் இருக்கிறது. மாலையற்ற படம், முடிவுத் திகதியற்ற பெயர். இதைச் சொல்லிக்கொடுத்த வடிவமைப்பாளர் யாருமில்லை.

ஆகவே இந்தப் படங்களை ‘மெருகேற்ற’ முன்வரும் இளம் வடிவமைப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். பின்னணியில் மெழுகுவர்த்தி வைக்காதீர்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி ஓரங்களைக் கரைக்காதீர்கள். அழகாக இருக்கும், ஆனால் அது அஞ்சலியின் மொழி. அந்தத் தாய் முப்பது வருடமாக மறுத்துவரும் ஒன்றை நீங்கள் ஒரு நிமிடத்தில் அவர் வாயால் சொல்லவைத்துவிடுவீர்கள்.

ஆர்ஜென்டினாவில் இதே துயரத்துக்கு வேறொரு வடிவம் கிடைத்தது. 1977 முதல் புவனஸ் அயர்ஸின் மே சதுக்கத்தில் கூடிய தாய்மார் தலையில் வெள்ளைத் துணி கட்டினார்கள். 1983 செப்டம்பர் 21ஆம் திகதி மூன்று ஓவியர்களின் யோசனைப்படி, அங்கே வந்தவர்கள் தரையில் விரித்த தாளில் படுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு உடலையும் சுற்றிக் கோடு வரைந்து, அந்த ஆளுயர உருவங்களை நகரச் சுவர்களில் ஒட்டினார்கள். இல்லாதவரின் இடத்தில் இருப்பவர் தன் உடலைக் கொடுத்தார். ஓவியர்கள் முறையை மட்டும் தந்தார்கள், செய்தது மக்கள். தொழில் தெரிந்தவர் ஒரு போராட்டத்துக்கு உண்மையில் கொடுக்கக்கூடியது இதுதான் என்று எனக்குப் படுகிறது: மற்றவர்கள் தங்கள் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய ஒரு முறை.

1968 மே மாதம் பாரிஸில் நுண்கலைக் கல்லூரியைக் கைப்பற்றிய மாணவர்கள் செய்ததும் ஏறக்குறைய இதையே. பட்டுத்திரை அச்சில், பெரும்பாலும் ஒரே வண்ணத்தில், யாருடைய பெயரும் போடாமல் சுவரொட்டிகள் அடித்தார்கள். எந்த வாசகம், எந்தப் படம் என்பதைக் கூட்டத்தில் பேசி முடிவெடுத்தார்கள். அதே ஆண்டு அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், துப்புரவுத் தொழிலாளர் இருவர் குப்பை வண்டியில் நசுங்கி இறந்த பிறகு வேலைநிறுத்தம் செய்தவர்கள், ‘நான் ஒரு மனிதன்’ என்ற ஒரே வரியைக் கறுப்பெழுத்தில் தாங்கி நடந்தார்கள். படம் இல்லை, அலங்காரம் இல்லை. எல்லோர் கையிலும் ஒரே அட்டை என்பதே அதன் வடிவமைப்பு.

இங்கே நிலைமை எப்படி? 2004 கடற்கோளுக்குப் பிறகு மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் நிறுவனங்கள் வந்திறங்கின. கிணற்றடியில் ஒரு பலகை, வீட்டு வாசலில் ஒரு பலகை, வள்ளத்தில் ஒரு பெயர். உதவி தேவைப்பட்டது, வந்தது, அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் அந்தக் காலம் நம் கண்ணுக்கு ஒரு பழக்கத்தைக் கொடுத்துவிட்டது. இன்று ஒரு விழிப்புணர்வுப் பனர் அடித்தால், அதில் மூன்றில் ஒரு பங்கை இலச்சினைகள் பிடித்துக்கொள்கின்றன. நிதி கொடுத்தவர், நடைமுறைப்படுத்தியவர், இணைந்தவர், பிரதேச செயலகம் என்று வரிசை போகும். வன்முறைக்குள்ளான பெண் அழைக்கவேண்டிய தொலைபேசி இலக்கம் எல்லாவற்றுக்கும் கீழே ஒரு மூலையில், பக்கத்தில் போய் நின்றால்தான் தெரியும் அளவில் கிடக்கும். அரசின் மகளிர் உதவி இலக்கம் 1938. நான்கே இலக்கங்கள். அதைப் பனரின் பாதியளவுக்குப் பெரிதாகப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

தூரத்துக்கும் எழுத்தின் அளவுக்கும் பலகை எழுதுபவர்கள் வைத்திருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது: பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போகிறவர் நூறடிக்கு முன்பே வாசிக்கவேண்டுமென்றால் எழுத்து பத்து அங்குலம் இருக்கவேண்டும். அந்த உயரத்தில் ஒரு பனரில் எத்தனை சொற்கள் அடங்கும்? ஐந்து, ஆறு. மீதியைத் துண்டுப்பிரசுரத்துக்கு விட்டுவிடவேண்டியதுதான்.

தமிழில் இது இன்னும் கடினம். நம் சொற்கள் நீளமானவை. ‘காணாமலாக்கப்பட்டோருக்கான’ என்று ஒரு சொல் ஒரு வரியையே தின்றுவிடும். ஆங்கிலத்தில் வலியுறுத்தப் பெரிய எழுத்துக்கு மாறுவதுபோல நமக்கு ஒரு வசதி கிடையாது. தடிப்பு, அளவு, வண்ணம், சுற்றிலும் விடும் வெற்றிடம் இவைதான் நம் கருவிகள். கொம்பும் காலும் மேலே கீழே நீளும் சுழிகளும் உள்ள எழுத்து என்பதால் வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடவேண்டும். ஆங்கில வார்ப்புருவில் தமிழைக் கொட்டும்போது இந்த இடைவெளிதான் முதலில் பலியாகிறது.

எழுத்துரு விஷயத்தில் அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவின் ஆட்சிதான். கோரல்ட்ரோ என்ற வரைகலை மென்பொருளில் பாமினி வைத்துத் தட்டெழுதும் வேகத்துக்கு எதுவும் ஈடில்லை என்பார்கள், அது உண்மையும்கூட. ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். அதை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பவும் முடியாது, இணையத்தில் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் இன்று நோட்டோ சான்ஸ், கட்டமரன் (Catamaran), முக்தா மலர், பலூ தம்பி என்று இலவசமாகவே நல்ல எழுத்துருக்கள் உள்ளன. கைத்தொலைபேசியிலேயே ஒரு மாணவி நல்ல சுவரொட்டி செய்துவிடலாம். போராட்டத்தின் கருவி பலர் கைக்கு வரவேண்டுமென்றால் இந்த மாற்றம் மிக அவசரம்.

எழுத்தே போராட்டக்களமான வரலாறும் நமக்கு இருக்கிறது. 1957, 58இல் வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ கட்டாயமாக்கப்பட்டபோது, தமிழ்ப் பகுதிகளில் எதிர்ப்பாளர்கள் தாரும் தூரிகையுமாக இறங்கி அந்த ஒரே எழுத்தை அழித்தார்கள். பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசப்பட்டன. ஒரு தகட்டில் எந்த எழுத்து இருக்கிறது என்பது, இந்த நாடு யாருடையது என்ற கேள்வியாகவே வாசிக்கப்பட்டது. இன்றும் மும்மொழிப் பலகையில் தமிழின் அளவையும் பிழையையும் நாம் கவனிக்கிறோம் என்றால் காரணம் இருக்கிறது. அதே கவனத்தை நம் பதாதைகளில் சிங்களத்துக்கும் கொடுக்கவேண்டும். ஏறாவூரிலோ அக்கரைப்பற்றிலோ எழுதப்படும் சிங்கள வாசகம் பிழையோடு தொலைக்காட்சியில் வந்தால், எட்டவேண்டியவர் சிரித்துவிட்டுப் போவார். எழுதியதும் அந்த மொழிக்காரர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்ப்பதற்குச் செலவில்லை.

அம்பாறை மாவட்டத்தில் இது மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. 2012 குடிசன மதிப்பீட்டின்படி அங்கே முஸ்லிம்கள் சுமார் 43 வீதம், சிங்களவர் 39 வீதம், தமிழர் 17 வீதம். ஒரே வண்ணம் மூன்று விதமாக வாசிக்கப்படும் இடம் அது. பச்சையைப் போட்டால் ஒரு கட்சி அல்லது ஒரு மதம். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் புலிகளின் வண்ணம் என்று பொலிஸ் வரும் சாத்தியம் உண்டு. காவியும் ஒரு மதத்தின் வண்ணமாகவே வாசிக்கப்படும். கரையோரத்தில் இல்மனைட் என்ற கனிமத்துக்கான மண் அகழ்வை எதிர்ப்பதற்கு மீனவர் எல்லோரும் சேரவேண்டும் என்றால், எந்தக் கட்சியும் உரிமை கோராத வண்ணத்தைத் தேடுவது அரசியல் வேலையின் ஒரு பகுதிதான். கடலின் நீலத்தைக்கூட ஒரு கட்சி எடுத்துவைத்திருக்கிறது. பழுப்புக் காகிதத்தில் கறுப்பு மை நல்ல தெரிவு, மலிவும்கூட.

விளக்கப்படம் என்ற வகை நம்மிடம் மிகக் குறைவாகவே பயன்படுகிறது. நுண்கடன் பிரச்சினையை, அதாவது கிராமப் பெண்களுக்குக் குழுக்கள் வழியாகக் கொடுக்கும் சிறு கடன்களின் பிரச்சினையை எடுங்கள். கிழக்கில் எத்தனையோ பெண்களை நெரித்த விஷயம் இது, ஆனால் நம் பதாதைகளில் ‘நுண்கடனை நிறுத்து’ என்ற வரிக்கு அப்பால் போனதில்லை. ஒரு கணக்கைப் படமாக்கிப் பார்ப்போம். 60,000 ரூபாய் கடன், 12 மாதம், ‘வருடத்துக்கு 24 வீதம்’ என்று சொல்கிறார்கள். வட்டி 14,400. மாதம் 6,200 கட்டவேண்டும். இதில் 5,000 முதல், 1,200 வட்டி. பன்னிரண்டு தூண்கள் வரையுங்கள். முதல் தூண் 60,000 உயரம், அடுத்தது 55,000, அப்படியே குறைந்து கடைசித் தூண் 5,000. ஒவ்வொரு தூணின் தலையிலும் அந்த மாத வட்டியைச் சிவப்பில் வையுங்கள். தூண் குட்டையாகிக்கொண்டே போகும், சிவப்புத் துண்டு மட்டும் மாறவே மாறாது. கடைசி மாதம் அந்தப் பெண்ணின் கையில் கடனாக இருப்பது வெறும் 5,000, அதற்கு அந்த ஒரே மாதத்து வட்டி 1,200. குறைந்துவரும் மீதிக்கு ஏற்பக் கணக்கிட்டால் உண்மையான வருட வட்டி ஏறக்குறைய 42 வீதம். எழுத வாசிக்கத் தெரியாத ஒருவருக்கும் இந்தப் படம் விளங்கும். வாராந்தக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெண் இதை ஒரு கொப்பியில் தானே வரைந்து பக்கத்திலிருப்பவருக்குக் காட்டலாம். அது ஒரு கோஷத்தைவிட ஆபத்தானது.

இதே கருவி எதிர்ப்பக்கமும் வேலை செய்யும் என்பதை அம்பாறை நகரம் அனுபவித்தது. 2018 பெப்ரவரி இறுதியில், ஒரு முஸ்லிம் உணவகத்தில் மலட்டுத்தன்மை மாத்திரை கலந்த உணவு கொடுக்கப்பட்டது என்ற பொய், கைத்தொலைபேசி வீடியோவாகப் பரவியது. அப்படியொரு மாத்திரை உலகிலேயே கிடையாது. ஆனால் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. மருத்துவ விளக்கம் பிறகு வந்தது, நீண்ட பந்திகளாக, அறிக்கை வடிவில் வந்தது. பொய் ஒரு படமாக வந்தால் உண்மையும் ஒரு படமாக, அதே இரவில், சிங்களத்தில் வந்தாகவேண்டும். அதற்கான ஆட்கள், வார்ப்புருக்கள், சரிபார்க்க ஒரு மருத்துவர், இவை வதந்தி வருவதற்கு முன்பே தயாராக இருக்கவேண்டும்.

படம் எப்படி வாசிக்கப்படும் என்பது சிறைவாசல் வரை போகும் விஷயம். 2019 மே மாதம் கண்டி மாவட்டத்தின் ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண் கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அவர் உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானின் படத்தைப் பௌத்தரின் புனிதச் சின்னமான தர்மச்சக்கரம் என்று எடுத்துக்கொண்டார்கள். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தோடு 2024இல், இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் சேர்ந்திருக்கிறது. ஆகவே ஒரு சின்னத்தைத் தேர்வதற்கு முன் மற்றச் சமூகத்து நண்பர் ஒருவரிடம் காட்டுங்கள். பாதிக்கப்பட்ட பெண்ணின், சிறுவரின் முகத்தைப் பயன்படுத்தவேண்டாம். முகத்தை மறைத்துவிட்டுச் சீருடையையோ வீட்டு வாசலையோ காட்டினால் ஊருக்குள் ஆளைக் கண்டுபிடிக்க அதுவே போதும்.

இந்த மண்ணில் நல்ல மரபு இல்லாமலில்லை. மட்டக்களப்பின் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1990களிலிருந்து பாட்டு, நாடகம், பறை, ஓவியம் எல்லாவற்றையும் பெண்ணுரிமைப் பணிக்குள் கொண்டுவந்தது. ஓவியர் கமலா வாசுகி போன்றவர்கள் கலையையும் செயற்பாட்டையும் பிரிக்காமல் வாழ்ந்து காட்டுகிறார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் கல்லடிப் பாலத்திலிருந்து காந்தி பூங்கா வரை நடந்த நீதிக்கான நடையில், பெண்கள் கையால் எழுதிய பதாதைகளோடு நாள்தோறும் போனார்கள். கையெழுத்து என்பதால் நேற்று நடந்ததை இன்று எழுத முடிந்தது, அச்சகத்துக்குக் காத்திருக்கவேண்டியதில்லை. 2023 செப்டம்பர் 15இல் சித்தாண்டியில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் தொடங்கிய தொடர் போராட்டத்திலும் இந்தக் கைவேலையைக் காணலாம். கல்லடியில் சுவாமி விபுலானந்தா அழகியல் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, கட்புலக் கலை படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பருவத்துக்கு அவர்களைச் சித்தாண்டிக்கோ வாகரைக்கோ அனுப்பி, அங்கிருப்பவர்கள் சொல்லச் சொல்ல எழுதவும் வரையவும் விட்டால், இரு பக்கமும் கற்கும்.

ஆனால் செய்ததைச் சேர்த்துவைப்பதில் நாம் மிகவும் பின்தங்கியிருக்கிறோம். பிறிஸ்டல் போர்ட்டில் மார்க்கரால் எழுதியது ஒரு மழையில் கரைந்துவிடும். ஃபிளெக்ஸ் பனர் ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரையாகும். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் நம் நூல்களும் பத்திரிகைகளும் இலட்சக்கணக்கான பக்கங்களாக ஏறிக்கொண்டிருக்க, தெருவில் தூக்கிய பதாதைகள் மட்டும் எங்கும் இல்லாமற் போகின்றன. போராட்டம் முடிந்து கலையும்போது ஒருவர் பத்து நிமிடம் நின்றால் போதும். ஒவ்வொன்றையும் சுவரில் சாத்தி, நேராக, நிழல் விழாமல் ஒரு படம். கோப்பின் பெயரில் ஊரும் திகதியும். எழுதியவர் சம்மதித்தால் அவர் பெயர், இல்லாவிட்டால் பெயர் வேண்டாம். அசலின் பின்புறத்திலும் அதையே பென்சிலால் எழுதி, உலர்ந்த இடத்தில் தட்டையாக அடுக்கிவையுங்கள்.